கொசுறுப் புதினா

என் பிரியமானவளே,

அரெகீப்பாவில் நல்ல வெயில். நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். வெயில் அடிப்பது மட்டும் உண்மை.

நீ கராகாஸுக்கு, உன் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து, தெருச் சந்தையில் இலாரியா அம்மாவின் கடைப் பக்கம் நான் போகவில்லை. பெருவுக்கு வந்த நாளிலிருந்து நாம் காய் வாங்குவது அவளிடம்தான். போனால் முதலில் உன்னைத்தான் கேட்பாள். அதனால் மூன்று வாரமாகக் கோடிக் கடையில் தக்காளி வாங்கி, பையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நழுவினேன். போன சனிக்கிழமை பிடிபட்டேன்.

“ஏய்யா, என் தக்காளி கசக்குதா? கோடிக் கடைக்காரிகிட்ட வாங்கிட்டுப் பதுங்கிப் பதுங்கிப் போறியே, வெக்கமா இல்ல?” என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

“என் வீட்டுக்காரி ஊருக்குப் போயிட்டாம்மா,” என்றேன்.

“எப்ப வருவா?”

நான் உருளைக்கிழங்கு பொறுக்க ஆரம்பித்தேன். அவள் ஒரு கிலோ நிறுத்துப் போட்டாள். பிறகு வழக்கம்போல் கொசுறு. ஆனால் இந்த முறை கிழங்கு இல்லை, ஒரு கட்டுப் புதினா.

“எனக்குப் புதினா ஆகாதே.”

“உனக்கு யாருய்யா குடுத்தா? அது அவளுக்கு. வாடுறதுக்குள்ள வரச் சொல்லு.”

உன் நீலக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். நேற்றுப் பார்த்தால் வேர் விட்டிருக்கிறது. தொட்டியில் நட்டுவிட்டேன். இனி அது வாடாது. ஆகவே நீ அவசரப்பட வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அவசரப்படு.

புதினாவுக்குத் தண்ணீர் ஊற்றும்,
உன் முன்கோபக்காரன்