மச்சங்கள் குறித்த தாள்

பழைய கோப்புகளைக் கழிக்கும்போது உன் தாள் கையில் வந்தது. வகுப்பில் புரொஜெக்டருக்குப் போடுவோமே, அந்தக் கண்ணாடித் தாள். அதில் மார்க்கரால் வைத்த மூன்று புள்ளிகள், ஒரு கோணல் கோடு, நடுவில் பிளேடால் வெட்டிய நீளச் சதுர ஓட்டை. வேறு யார் கையில் கிடைத்தாலும் குப்பைக்குப் போயிருக்கும்.

புள்ளிகள் உன் வலது தொடையின் மச்சங்கள். கோடு, கல்லூரித் தடை ஓட்டத்தில் விழுந்து வாங்கிய தழும்பு. தாளைத் தொடையில் வைத்து, மச்சத்தோடு மச்சமும் தழும்போடு தழும்பும் பொருந்திய பிறகுதான் அந்த ஓட்டை வழியாக ஸ்கேன் கருவியை வைப்பேன். சென்ற மாதம் அளந்த அதே இடத்தை இந்த மாதமும் அளக்க வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் இந்தத் தாள்களைக் கிழித்துவிட வேண்டும் என்பது விதி. உன்னுடையதை மட்டும் கிழிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

என் வேலை உனக்கு இருபது வருஷமாக வேடிக்கை. "சதைய அளக்கதுக்கு ஒரு படிப்பாட்டி? கறிக்கடையில சும்மாவே அளந்து குடுப்பாவளே" என்பாய். ஒரு சீசனில் ஐந்தருவியில் பெண்கள் பக்கம் உனக்குப் போலீஸ் டியூட்டி. தண்ணீர் திடீரென்று கூடியதும் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றினாய். நகராமல் நின்ற ஓர் அம்மாவை இழுத்தபோது பாறை வழுக்கி உன் முழங்கால் திரும்பியது. ஜவ்வு கிழிந்து, அறுவைசிகிச்சை முடிந்து, வாக்கருடன் என்னிடம் வந்தாய். வலது தொடை இடது தொடையின் தங்கை மாதிரி இருந்தது.

உன் பயம் வலியைப் பற்றியது அல்ல. கால் தேறாவிட்டால் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். "நாற்காலியில உக்காரவாட்டி நான் போலீஸுக்கு வந்தேன்?" என்று ஒரு தடவைதான் கேட்டாய். உன் எலும்பு டாக்டரோ, தொடைச்சதை தேறியிருப்பதாக நான் எழுதிக் கொடுத்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார்.

திரையில் உன் சதையைக் காட்டினேன். தென்னங்கீற்றில் நடு மட்டையிலிருந்து ஓலைகள் சாய்ந்து கிளம்புவது போல, வெள்ளைக் கோடுகளாக நார்கள் சாய்ந்து கிடக்கும். சதையின் கனம், நாரின் சாய்வு, நாரின் நீளம், இந்த மூன்றையும்தான் நான் அளக்கிறேன். கிடையில் கிடந்தால் மூன்றும் குறையும். பாரம் தூக்கினால் கனமும் சாய்வும் கூடும். உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே மெதுவாகக் கீழே இறங்கினால் கனம் கூடுவதோடு நாரும் நீளும். அதனால், மூட்டு ஓரளவு உறுதியான பிறகு, பண்பொழி மலைக்கோயிலுக்கு ஆட்டோவில் ஏறிப் படி வழியாக இறங்கச் சொன்னேன்.

அடிவாரத்தில் பூ விற்கிற பெண் உன்னை விடவில்லை. "எல்லாரும் ஏறித்தான் வேண்டுவாவ. நீங்க இறங்கியா வேண்டுதீங்க?"

"எங்க சாமிக்கு ரிவர்ஸும் தெரியும்க்கா" என்றாய் நீ.

மூன்று மாதம் இறங்கினாய். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஸ்கேன் டாக்டர் பக்கத்தில் இருக்க, தாளைப் பொருத்தி அளந்தேன். ஆரம்பத்தில் இருந்த அதே கனம். இன்னொரு முறை அளந்தேன். அதேதான்.

"கூடல" என்றேன்.

நீ திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாய். "நீ அமுக்குதட்டி."

"நான் எப்பவும் வைக்கிற மாதிரிதான் வைக்கேன்."

"மொத தடவ நீ வச்சதே எனக்குத் தெரியல. இன்னைக்கு எலும்பு வரைக்கும் தெரியுது. கூட்டத்துல எவ இடிக்கா, எவ தள்ளுதான்னு பாக்குறதுதான் என் வேலை. எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் வந்தது. உணர்வதைவிட எண்ணை நம்பு என்று வகுப்பில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனாலும் கருவியை எடுத்துப் பார்த்தேன். உன் தோலில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. சதை மெத்தை மாதிரி. அமுக்கினால் கனம் குறைந்துதான் காட்டும். முதல் வருட மாணவிக்கு நான் சொல்லும் பாடம் அது. நார்க் கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும், நீ தேறிவிட்டதை நான் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் என் கை இறுகியிருக்கிறது. நீ தேற வேண்டும் என்று விரும்பியே நீ தேறாததாக அளந்திருக்கிறேன்.

ஜெல்லை அள்ளி வைத்தேன். தோலுக்கும் கருவிக்கும் நடுவில் ஜெல் ஒரு வரியாகத் திரையில் தெரியும்படி, தொட்டும் தொடாமலும் பிடித்தேன். மூன்று மில்லிமீட்டர் கூடுதல். நாரும் நீண்டிருந்தது. உடனே அடுத்த சந்தேகம்: தோழி என்பதால் இப்போது வேண்டுமென்றே கை தளர்ந்ததோ? பழைய படங்களில் ஜெல் வரி மெலிதாகவாவது தெரிந்தவற்றை எடுத்தேன். புதியவற்றோடு கலந்து, தேதியை மறைத்து ஸ்கேன் டாக்டரிடம் கொடுத்தேன். அவருடைய அளவும் அதையே சொன்னது. அப்புறம்தான் எலும்பு டாக்டருக்குக் கடிதம் எழுதினேன்.

"இவ்வளவு சந்தேகப்பட்டவ எழுதுனா எவனும் மறுபேச்சு பேச மாட்டான்" என்று கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டாய்.

அடுத்த சீசனில் ஐந்தருவிக்கு வந்தேன். குளிக்க அல்ல, பார்க்க. அதே பாறையில் இரண்டு காலையும் ஊன்றி நின்று விசிலடித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "ஏட்டி, வரிசையில வா" என்றாய். ஒரு கூட்டமே திரும்பிப் பார்த்தது.

அதன்பின் நாலு சீசன் நின்றாய். போன ஆவணியில் உன்னைக் கொண்டுபோனது மூளையில் வெடித்த ஒரு ரத்தக்குழாய். காலுக்கு அதில் பங்கில்லை. இலஞ்சியில் உன் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது நான் அதையும்தான் நினைத்தேன். என்னிடம் ஒப்படைத்த கால் கடைசிவரை சரியாகத்தான் இருந்தது.

தாளைத் திரும்பக் கோப்பில் வைத்துவிட்டேன். விதி என்னைக் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் தாள் அல்ல. அன்றிலிருந்து யாரை அளந்தாலும், எண்ணைக் குறிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன். என் குறிப்பேட்டில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்கிறது.

இன்று வந்தவர் இலத்தூர் லாரி டிரைவர். கணுக்கால் உடைந்து, கெண்டைக்கால் சூம்பி, மறுபடி வண்டியில் ஏற முடியுமா என்ற பயத்தோடு கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஜெல் வரி திரையில் தெரிந்தது. "அமுக்குதேனா அண்ணாச்சி?" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "வச்சிட்டீங்களா மேடம்? தெரியலையே."

அப்புறம்தான் எண்ணைக் குறித்தேன்.