கேட்டில் ஒட்டிக் கிழித்த நோட்டீஸ்

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே வெயில். ஸ்கூல் பஸ் ஏழே முக்காலுக்கு. கெமிஸ்ட்ரி ரெக்கார்டில் இரண்டு படம் பாக்கி.

மறப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும். பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் காலனி பூங்கா கேட்டுக்கு ஒரு பைக் வந்தது. இரண்டு பேர். ஒருவர் பசை தடவி ஒரு தாளை கேட்டில் ஒட்டினார். கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிற பழக்கம் எனக்கு, கல்யாண பேனரைக்கூட விடுவதில்லை. கிட்டே போய்ப் படிக்கத் தொடங்கினேன். மற்றவர், "பாப்பா, தள்ளு" என்று செல்போனில் போட்டோ எடுத்தார்.

"நல்லா விழுந்துச்சாண்ணே?"

"தேதி தெரியுது. கிழி."

கிழித்தேவிட்டார். பசை காயவில்லை, அதனால் முழுதாக உரிந்து வந்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒட்டிட்டு எதுக்குண்ணே கிழிச்சீங்க?"

"ஒட்டுனதுக்குத்தான் போட்டோ இருக்குல்ல பாப்பா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜோக் சொன்னது போலக்கூட இல்லை, தினமும் செய்கிற வேலையைச் சொன்னது போல.

நான் படித்த வரைக்கும்: மாநகராட்சி அறிவிப்பு. பூங்கா இடம். சூரிய மின்சக்தி. குத்தகை. ஆட்சேபணை இருப்பின் பதினைந்து நாட்களுக்குள்.

அப்பாவிடம் சொன்னேன். அப்பா கல்லூரி நூலகத்தில் உதவியாளர், எங்கள் காலனி நலச் சங்கத்தின் செயலாளரும்கூட. சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். "ஒட்டிக் கிழிச்சாய்ங்களா? நீ கண்ணால பாத்தியா?" காலண்டரில் நாள் எண்ணினார். பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, கடைசி நாள்.

அப்பாவின் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

ஜூலை 4, வெள்ளி

அப்பா வார்டு ஆபீஸ் போய் விசாரித்து வந்தார். பூங்கா இடத்தில் எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு சார்ஜ் போடும் நிலையம். மேலே சோலார் கூரை. எடுத்து நடத்தப்போவது ஒரு தனியார் கம்பெனி. அந்தக் கம்பெனி யாருடையது என்றால், எங்கள் கவுன்சிலர் அம்மாவின் உடன்பிறந்த தம்பியுடையது.

கவுன்சிலர் அம்மா பெயருக்குத்தான். எல்லாம் அவர் வீட்டுக்காரர். போனை எடுப்பவர் அவர், குழாயைத் திறந்து வைப்பவர் அவர், போஸ்டரில் அவர் படம்தான் பெரிது. இனிமேல் இங்கே க.வீ. என்று எழுதுகிறேன்.

எனக்குள்ள சங்கடம்: நான் சோலார் கட்சி. போன வருடம் கண்காட்சியில் அட்டையில் சோலார் ஊர் செய்து இரண்டாம் பரிசு வாங்கினேன். எங்கள் மாடியிலேயே ஆறு பேனல் இருக்கிறது. டிசம்பரில் மாட்டியது. போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் வராமல் அதை ஓட விட முடியாது. அப்பா மின்வாரிய ஆபீசுக்கு ஒன்பது தடவை போயாகிவிட்டது. "அடுத்த வாரம் வாங்க சார்." ஏழு மாதமாக பேனல் மேல் காக்கை உட்கார்ந்து வெயில் காய்கிறது.

நல்ல விஷயத்தின் பெயரைச் சொல்லித் திருடினால் அதை எதிர்ப்பவர்கள்தான் கெட்டவர்களாகத் தெரிவார்கள். அதுதான் எரிச்சல்.

ஜூலை 6, ஞாயிறு

மனு எழுதினேன். அப்பா சொல்லச் சொல்ல நான். மூன்று தடவை நல்ல பிரதி. சமுதாயக் கூடத்து மொட்டை மாடி காலியாகக் கிடக்கிறது, முன்னால் வண்டி நிறுத்தவும் இடம் உண்டு, நிலையத்தை அங்கே வைக்கலாம் என்ற பத்தி என்னுடைய யோசனை. என் வகுப்புத் தோழி யாமினியும் நானும் நேற்றே போய் அடி வைத்து அளந்தோம். அப்பா, "இது நல்ல பாயிண்டு" என்றார். முதல் கையெழுத்து அப்பாவுடையது. நீளமாக, கீழே ஒரு கோடு இழுத்து.

பிறகு நானும் யாமினியும் வீடு வீடாக. வாசல்களில் கேட்டவை:

மாடி வீட்டு அங்கிள்: "பார்க்குன்னு சொல்லாத பாப்பா, குப்ப மேடுன்னு சொல்லு." ஆனாலும் போட்டார்.

மூன்றாம் தெரு தாத்தா: "இத கவுன்சிலர் படிக்குமா?" "அவங்க வீட்டுக்காரர் படிப்பாரு தாத்தா." "அப்ப எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி பெருசா எழுது."

டீக்கடை அண்ணன்: போடவில்லை. "நாளைக்கு எங் கடை ரோட்டுல இருக்குன்னு வருவாய்ங்க. நீ வந்து நிப்பியா?"

யாமினி அவள் அத்தைக்குப் போன் போட்டு வீட்டுப் பாஷையில் பேசினாள். சௌராஷ்டிர மொழி எனக்குத் தெரியாது. நடுவில் 'சோலார்' மட்டும் புரிந்தது. அத்தை வந்து போட்டார்.

ஜெயா டீச்சர் இரண்டாவது இடத்தில் போட்டார். ரிட்டயர்டு, தனியாக இருக்கிறார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ரோட்டில் நடக்க பயம், பூங்காவுக்குள்தான் தினமும் ஏழு சுற்று. "எனக்கு வேற எடம் ஏதும்மா?" என்றார்.

மொத்தம் அறுபத்து நான்கு. அப்பா பச்சை ஃபைலில் வைத்தார். "நானே கொண்டுபோய்க் குடுத்துருவேன்."

ஜூலை 9, புதன்

பயங்கரக் காற்று. மாவு மில் தகரம் ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டதாக அம்மா சொன்னார். பிசிக்ஸ் டெஸ்ட், பரவாயில்லை.

ஸ்கூல் விட்டு வந்தால் வாசலில் ஏணி. மீட்டர் மாட்டிக்கொண்டிருந்தார்கள்! காலையில் க.வீ. வந்து போனாராம். அம்மா அவர் மாதிரியே பேசிக் காட்டினார்: "'அண்ணனுக்கு இம்புட்டு நாளா மீட்டர் வரலையா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மதினி?' அப்படின்னாரு. காபி குடிச்சிட்டு, வாசல்ல நின்னு யாருக்கோ ஒரு போனப் போட்டாரு. மத்தியானம் ஆளு வந்துட்டாய்ங்க."

"நீங்க கேட்டீங்களாம்மா?"

"நான் எதுக்குக் கேக்குறேன்? அவராத்தான்."

நான் குதித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். மாடிக்கு ஓடி, பெட்டியில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துக் கை தட்டினேன். அம்மா கரண்ட் பில்லுக்குப் பயப்படாமல் அயர்ன் பாக்ஸ் போட்டார், மூன்று புடவை. அப்பா வந்து மீட்டரைப் பார்த்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். களைப்பு என்று நினைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

எழுதக் கை கூசுகிறது.

பகுதி சபைக் கூட்டம், சமுதாயக் கூடத்தில். நாற்பது பேர் இருக்கும். நுழையும்போதே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, அதற்குப் பிறகு மசால் வடையும் டீயும். கையெழுத்துப் போடாதவருக்கு வடை கிடையாது. கவுன்சிலர் அம்மா நடு நாற்காலியில். க.வீ. பக்கத்தில், கையில் மைக்.

"சோலார் வந்தா கரண்டு. கரண்டு வந்தா வண்டி. பெட்ரோல் பொகை கெடையாது. நம்ம புள்ளைக நுரையீரலுக்காகத்தான் இதச் செய்றோம்."

ஜெயா டீச்சர் எழுந்தார். "பூங்காவுக்குன்னு விட்ட எடத்த எப்படிங்க வாடகைக்கு விடுறது?" பின்னாலிருந்து யாரோ, "டீச்சர், இன்னும் கிளாஸ் எடுக்காதீக" என்று கத்த, ஒரே சிரிப்பு. இன்னொருவர், "மாப்ள, நீ என்னைக்குடா பார்க்குல நடந்த? நாய்தான நடக்குது" என்றார். அதற்கும் சிரிப்பு.

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அப்பா எழுந்தார். கக்கத்தில் பச்சை ஃபைல். தொண்டையைச் செருமினார்.

"வளர்ச்சின்னு வரும்போது நாம குறுக்க நிக்கக் கூடாது. மரத்த மட்டும் வெட்டாமப் பாத்துக்கிட்டா நல்லது."

உட்கார்ந்துவிட்டார். ஃபைலைத் திறக்கவே இல்லை.

"செயலாளர் அண்ணனே சொல்லீட்டாரு. கையத் தட்டுங்கப்பா." தட்டினார்கள். வடை எண்ணெய்க் கையோடு.

நான் எழுந்தது எனக்கே தெரியாது. கவுன்சிலர் அம்மாவைப் பார்த்துக் கேட்டேன். "அந்தக் கம்பெனி உங்க தம்பியோடதாக்கா?" அவர் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார். வகுப்பில் பதில் தெரியாதவள் பக்கத்துப் பெண்ணைப் பார்ப்பாளே, அப்படி. க.வீ. மைக்கிலேயே, "பாப்பா சூப்பராப் பேசுது! எந்த ஸ்கூலு?" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

அப்பா என்னைப் பார்க்காமல், "உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன்.

ஜூலை 14, திங்கள்

காலையில் அப்பா பேப்பர் படிக்கும்போது கேட்டேன்.

"மனு எப்பப்பா குடுப்பீங்க?"

"குடுக்கலாம்."

"வெள்ளிக்கிழமை கடைசி நாளு."

"தெரியும்."

"மீட்டருக்காகவாப்பா?"

நிமிர்ந்தார். "மீட்டரு நமக்கு வரவேண்டியது. ஏழு மாசமா வரவேண்டியது. நான் யாருகிட்டயும் போய் நிக்கல, அஞ்சு பைசா குடுக்கல. புரியுதா? படிக்கிற வேலயப் பாரு."

எல்லாம் உண்மை. நாள் முழுக்க யோசித்தும் அதில் ஒரு பொய் கண்டுபிடிக்க முடியவில்லை. நமக்குச் சேரவேண்டியதையே ஏழு மாதம் பிடித்து வைத்திருந்து, பிறகு பரிசு மாதிரிக் கொடுத்து ஒருவர் வாயை அடைக்கலாம். குடிமையியல் புத்தகத்தில் இது எந்தப் பாடத்திலும் இல்லை.

ஜூலை 16, புதன்

மதியம் தயிர் சாதம், எலுமிச்சை ஊறுகாய். யாமினி பேசவில்லை. அவள் அப்பா கூட்டத்துக்கு வந்திருந்தார், எங்கப்பா பேசியதைச் சொல்லியிருப்பார்.

அருவருப்பாக இருப்பவை: அந்த வடை. "நுரையீரலுக்காக." கை தட்டியவர்களில் பதினோரு பேர் என்னிடம் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் (எண்ணினேன்). அலமாரி மேல் பச்சை ஃபைல், அதன் மேல் இப்போது அப்பாவின் ஹெல்மெட். மீட்டர் வந்ததிலிருந்து நான் ஏ.சி. போட்டுத் தூங்குகிறேன், நன்றாகத் தூக்கம் வருகிறது.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நீ போய் பகல் பூரா ஃபேன் போடாம அடுப்புக்கிட்ட நின்னு பாரு, அப்பறம் பேசு. ஊரு ஒலகத்துல யாரு யோக்கியம்? ஒங்கப்பா மட்டும் எளிச்சவாயனா?"

சாயங்காலம் இதைவிட மோசம். பால் வாங்கப் போனபோது ஜெயா டீச்சர். "கூட்டத்துல அப்பா ஏதோ நெனச்சுத்தான் அப்படிப் பேசியிருக்கணும். மனு குடுத்தாச்சாம்மா?"

"குடுத்தாச்சு டீச்சர்."

சொல்லிவிட்டேன். யோசிக்காமல், சட்டென்று, அப்பாவைக் காப்பாற்ற. டீச்சர் என் தோளைத் தட்டிவிட்டு நிம்மதியாகப் போனார். பால் பாக்கெட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

ஜூலை 18, வெள்ளி

மேகமூட்டம், ஒரு சொட்டு மழை இல்லை.

அப்பா எட்டரைக்கு வேலைக்குப் போனார். ஹெல்மெட் போனது, ஃபைல் இருந்தது. வயிற்று வலி என்று ஸ்கூல் பஸ்ஸை விட்டேன் (இன்னொரு பொய்). டவுன் பஸ்ஸில் தல்லாகுளம், மாநகராட்சி ஆபீஸ். மனு வாங்கும் கவுண்டரில் ஒரு அக்கா, மூக்குக் கண்ணாடி.

"மனுதாரர் யாரும்மா?"

"அறுபத்து நாலு பேருக்கா."

"அம்புட்டு பேரையும் ஏத்த முடியாது. மொதக் கையெழுத்து யாரோ அவரு பேருலதான் ஏறும். செல் நம்பர் சொல்லு, மெசேஜ் போகும்."

அம்மா நம்பரைச் சொல்லியிருக்கலாம். அப்பா நம்பரைச் சொன்னேன்.

"விசாரணைக்கு யார வரச் சொல்வீங்கக்கா?"

"மொத ஆள. அவரு வாபஸ் வாங்கிட்டா அவரு பேரு மட்டும் போகும், ரெண்டாவது ஆளக் கூப்பிடுவோம். கையெழுத்து அழகா இருக்கு. நீயா எழுதுன?"

ரசீது, சீல், தேதி. மூன்றாம் பீரியடுக்கு ஸ்கூல் போய்விட்டேன்.

அப்பா ஆறு மணிக்கு வந்தார். மெசேஜ் பார்த்திருக்கிறார் என்று வண்டி நிறுத்திய விதத்திலேயே தெரிந்தது. முகம் கழுவினார். தட்டின் முன் உட்கார்ந்தார். போன் அடித்தது, க.வீ. இரண்டு தடவை அடிக்க விட்டு மூன்றாவதில் எடுத்தார்.

"சொல்லுங்க தம்பி… ஆமா… எங் கையெழுத்துதான்… இல்ல, புள்ள வெவரம் தெரியாம… சரி. சரி. திங்கக்கிழம நானே வாரேன்."

போனைக் கவிழ்த்து வைத்தார்.

"வாபஸ் வாங்கப் போறீங்களாப்பா?"

தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"வாங்குனா உங்க பேரு மட்டும்தான் போகும். கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"கேட்டுட்டே வந்தியா?" கோபமாக இல்லை. "வேற என்ன கேட்ட?"

"அப்பறம் ரெண்டாவது ஆளக் கூப்பிடுவாங்களாம். ஜெயா டீச்சர்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்பா எழுந்து கை கழுவினார். குழாயை மூட ரொம்ப நேரம் ஆனது.

"டீச்சர் வீட்ல லைட் எரியுதா பாரு."

எரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பத்து நிமிடம் ஆகிறது. அம்மா வாசலில் நிற்கிறார். உண்மையைச் சொல்லப் போனாரா, டீச்சரையும் வாபஸ் வாங்கச் சொல்லப் போனாரா, தெரியாது. எதுவானாலும், "குடுத்தாச்சு டீச்சர்" என்று புதன்கிழமை நான் சொன்னதும் அங்கே வெளியே வரும். அதை அவர் வாயால் டீச்சர் கேட்கக் கூடாது. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நானும் போகிறேன்.