மூன்றாம் ஓலைக்கு முன்

புத்தூர்,
12-9-1955, திங்கட்கிழமை

அன்பு மிகுந்த தியோடர் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். கர்நூலில் கூடாரத்துக்குள் ஆபீஸ் நடத்தி, மழை பெய்தால் பைல் கட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் தாங்களும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நேற்று ஆலயத்தில் நம் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. விதவை லோயிஸ், பிரமச்சாரி தியோடர் என்று நம் சபைக் குருவான ஐயர் கணீரென்று வாசித்தபோது முப்பத்தைந்து வயதில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவர்கள் மணம் முடிக்கத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வழக்கம்போலக் கேட்டார். ஊர் வாய் அன்றைக்கென்று மூடிக்கொண்டது. கடைசிப் பெஞ்சில் மட்டும் ஒரு கைத்தடி தரையில் இரண்டு தட்டுத் தட்டிற்று. யாரோ ஒருவர் போர்வையை முக்காடாகப் போட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் உடைந்தவர்கள் எலும்புக் கட்டுப் போட நாலு ஜில்லாவிலிருந்தும் வருகிற ஊரில் இதை யார் கவனிக்கப் போகிறார்கள்? நானும் திரும்பிக்கொண்டேன்.

ஐயருக்கு ஒரு கவலை. சர்க்கார் காகிதத்தில் என் கணவர் காணாமற்போனவர் என்றுதான் இருக்கிறதே தவிர, இறந்தவர் என்று இல்லை. உடனிருந்த சாட்சி நீங்கள் ஒருவர்தான். ஆகையால் ஞானசிங் எப்படி இறந்தார் என்று உங்கள் கைப்பட ஒரு கடிதம் வேண்டுமாம். மூன்றாம் ஓலைக்கு முன் அது அவர் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓலையை நிறுத்திவிடுவாராம். (என் கணவர் இருந்தவரை அவர் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. எழுதும்போது கை கூசுகிறது.) பத்து வருஷத்துக்கு முன் கிணற்றடியில் நின்று என்னிடம் சொன்னீர்களே, யுத்தத்தின் நடுவே நாற்பத்து மூன்றில் இத்தாலியச் சிறைமுகாமின் கதவு திறந்த பிறகு இருவரும் மலைவழியே தப்பி நடந்ததும், அவர் பாறையிலிருந்து விழுந்த நிமிஷமே, வலி தெரியாமல் உயிர் போனதும். அதை அப்படியே நாலு வரி எழுதி அனுப்புங்கள்.

இங்கே எல்லைத் தகராறில் இரண்டு கட்சிக்காரர்களும் வீடு வீடாக வந்து என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். புத்தூர் ஆந்திராவிலேயே இருக்குமா, மதராசுக்குப் போகுமா என்று கடைத்தெருவில் தினம் ஒரு தீர்ப்பு. தமிழ், தெலுங்கு, கொஞ்சம் இத்தாலியம் என்று நான் சொன்னேன். வந்த பையன் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு போய்விட்டான்.

பொய்யா சொன்னேன்? நீங்கள் கொண்டுவந்து தந்த, என் கணவர் முகாமில் எழுதிய வினைச்சொல் நோட்டை இன்றும் பள்ளிக்கூடம் விட்டதும் எடுத்து உட்கார்ந்துவிடுகிறேன். நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே, ஒழுங்கில் அடங்காத வினைகளாகப் பார்த்து ஒப்பிக்கிறேன். வாடோ, வாய், வா, அந்தியாமோ, அந்தாத்தே, வான்னோ. போகிறான் என்பதற்கு 'வா' என்று சொல்கிற ஊரில் எவன் வீடு போய்ச் சேருவான் என்று நான் கேட்டதும் நீங்கள் சிரித்ததும் நினைவிருக்கிறதா? உங்கள் மேல் எனக்கு மனம் வந்தது அன்றைக்குத்தான். இப்போது சொல்வதில் தவறில்லை.

ஒரு குறும்பை மட்டும் கண்டுபிடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் வெனீரே, அதாவது வருதல். நிகழ்காலம், இறந்தகாலம், ஏவல், வந்தால் நன்றாயிருக்கும் என்கிற ஆசை, வந்திருப்பேன் என்கிற குறை, எல்லாம் அவர் எழுத்தில் இருக்கும். எதிர்காலம் என்று தலைப்புப் போட்டு, கீழே ஆறு வரி வெறுமையாக விட்டிருந்தார். அதை எழுத இருந்த அன்றைக்குத்தான் முகாம் கதவு திறந்தது என்பீர்கள். நேற்று ஆலயத்திலிருந்து வந்து பார்த்தால் முதல் வரியில் 'வெர்ரோ' என்று இருக்கிறது. நான் வருவேன். அவர் எழுத்தைப் போலவே வளைத்து எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் நிச்சயத்துக்கு வந்தபோது செய்த வேலைதானே? ஆனால் ஒன்று விளங்கவில்லை. அது எச்சில் தொட்டு எழுதுகிற ஊதாப் பென்சில். தொட்டுப் பார்த்தேன், போன மாதத்து எழுத்து இன்னும் ஈரமாக விரலில் ஒட்டியது.

உடனே பதில் போடுங்கள். மழையில் நனையாதீர்கள்.

உங்களுடையவளாகப் போகிற,
லோயிஸ்


புத்தூர்,
19-9-1955, திங்கட்கிழமை

தியோடர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நோட்டை நீங்கள் தொடவேயில்லை என்று வேதத்தின் மேல் ஆணையிட்டிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஐயருக்கென்று தனியாக எழுதிய இரண்டு பக்கத்தை இன்னும் அவரிடம் கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அவர் பாறையிலிருந்து விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. அடுத்த வரியில், முழங்காலுக்குக் கீழே நம் ஊர்க் கட்டுப் போட்டேன் என்கிறீர்கள். ஒரு குடியானவப் பெண்ணிடம் நாலு முட்டை வாங்கி வெள்ளைக் கருவை அடித்தீர்களாம். மூங்கில் கிடைக்காமல் பீப்பாய்ப் பலகையைச் சீவினீர்களாம். கெண்டைக்காலில் சுற்றியிருந்த காக்கிப் பட்டையை அவிழ்த்துக் கட்டினீர்களாம். புத்தூரிலேயே கட்டியிருந்தாலும் இதைவிடச் சுத்தமாக வந்திருக்காது என்று பெருமை வேறு. புத்தூர்க்காரன் எதை மறைத்தாலும் கட்டுப் போட்ட கதையை மறைக்க மாட்டான்.

படிக்கும்போது எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. மடித்து வைக்கிறபோதுதான் உறைத்தது. விழுந்த நிமிஷமே உயிர் போனவர் காலுக்கு யாராவது கட்டுப் போடுவார்களா, தியோடர்?

சனிக்கிழமை மத்தியானம் கட்டுக் கட்டுகிற முனிரத்தினம் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தார். சின்ன வயதில் நீங்கள் அவர் வீட்டில் முட்டை அடித்துக் கொடுத்துத் தொழில் பழகியவர் ஆயிற்றே, அவரை நான் விவரிக்க வேண்டியதில்லை. "டீச்சரம்மா, ஒரு ஆளு வந்து எங்க கட்டில்ல ஒக்காந்துக்கினு இருந்தான். காலுல காக்கித் துணிக் கட்டு, மக்கிப் போயிக் கெடக்குது. பிரிக்கலாம்னு கைய வெச்சா, வேணாம், கட்டுனவன்தான் பிரிக்கணும், ஒங்க ஊட்டு வழக்கம் ஒனக்கே தெரியாதான்னு கேக்குறான். முடிச்சப் பாத்தேன், இடக்கை முடிச்சு. நம்ம தியோடரு போடுவாரே, அதே முடிச்சு" என்றார்.

முகத்தைப் பார்த்தீரா என்று கேட்டேன். பார்த்தாராம். "நம்ம ஞானசிங்குதான். ஆனா பட்டாளத்துக்குப் போனப்போ எப்படி இருந்தாரோ அப்படியே கீறாரு. ஒரு நரமுடிகூட இல்ல. தண்ணி மொண்டுக்கினு திரும்பினேன், ஆள காணோம்" என்றார். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் தலையில் பாதி நரைத்திருப்பது அந்த நேரத்தில் ஏன் நினைவுக்கு வந்ததோ தெரியாது.

நேற்று இரண்டாம் ஓலை. தடை உண்டா என்று ஐயர் கேட்டார். கைத்தடி மறுபடி தட்டிற்று. இந்த முறை ஐயரே வாசிப்பதை நிறுத்திக் கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். சபை முழுக்கத் திரும்பியது. பெஞ்சு காலி. ஆராதனை முடிந்து எல்லாரும் போகட்டும் என்று இருந்து, நான் அங்கே போய் நின்றேன். பச்சிலையும் முட்டையும் கலந்த வாடை வந்தது. கட்டுப் போட்டு அரைமணி நேரம்கூட ஆகாத வாடை. பன்னிரண்டு வருஷத்தில் அது காயவில்லை. நம் ஊரில் பிறந்த எனக்கு அது தெரியாதா?

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தேன். எடுக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாவது வரியும் எழுதியாகியிருக்கிறது. வெர்ராய். நீ வருவாய்.

இதை யாருக்காக எழுதியிருக்கிறார் என்று இரவெல்லாம் யோசித்தேன். எனக்காக இல்லை. நான் எங்கும் போகவில்லை, வருவதற்கு. சாயங்காலம் திரும்பி வருகிறேன், அதுவரை கட்டைப் பிரிக்காதே என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தானே போனீர்கள்? வழியில் பேச உதவும் என்று நோட்டையும் எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். அதனால்தான் அது உங்கள் பையில் வந்தது. அந்த ஊர்ப் பட்டாளமோ ஜெர்மன்காரனோ குறுக்கே வந்திருக்கலாம், பயந்து அவரிடம் திரும்பிப் போகாமலே இருந்திருக்கலாம். பயந்ததற்கு நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். நான் அங்கே இருந்திருந்தால் நானும் ஓடியிருப்பேனோ என்னமோ. ஆனால் கிணற்றடியில் நின்று வலி தெரியாமல் போய்விட்டார் என்றீர்களே, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பத்து வருஷம் தூங்கினேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர் உயிரோடு எங்கோ இருந்து வந்திருக்கிறாரா, வேறு விதமாக வந்திருக்கிறாரா, எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது? ஐயரிடம் கேட்டால் ஜெபம் பண்ணுவார். முனிரத்தினம் கடையை மூடிக்கொண்டு திருப்பதிக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இன்று பகல் இடைவேளையில் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு கால் நடந்து ஒரு கால் இழுபடுகிற சத்தம் கேட்டது. என் வகுப்பு வாசலுக்கு நேரே வந்து நின்றது. நான் வாடோ, வாய், வா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே வரவில்லை. அவர் தேடி வந்தது என்னை இல்லை போலிருக்கிறது. அதில் எனக்கு வருத்தமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

உங்களை வெறுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் முயற்சி செய்தும் முடியவில்லை. அதுவே எனக்குத் தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. நோட்டில் மூன்றாவது வரி இன்னும் காலியாக இருக்கிறது. அங்கே என்ன வர வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் வருவான். அந்த வரி எழுதப்படுவதற்குள் நீங்கள் வந்துவிடுங்கள். கர்நூலில் லீவு கேட்காதீர்கள், கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கிளம்பிவிடுங்கள். ரேணிகுண்டாவில் இறங்கி அரக்கோணம் வண்டியைப் பிடித்தால் சனிக்கிழமை பகலிலேயே வந்து சேரலாம். நேரே ஆலயத்துக்குப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்காருங்கள். தடை உண்டா என்று ஐயர் கேட்கும்போது எழுந்து நடந்ததைச் சொல்லுங்கள். அதற்கு முன், பக்கத்தில் யாராவது காலை நீட்டி உட்கார்ந்திருந்தால், கீழே மண்டியிட்டு அந்தக் கட்டைப் பிரித்துவிடுங்கள். கை நடுங்கினால் நான் வந்து பிடித்துக்கொள்கிறேன். கல்யாணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

பிரயாணத்தில் ஆண்டவர் உங்களுக்கு முன்னே நடக்கட்டும். பின்னால் யாராவது கால் இழுத்து வருகிற சத்தம் கேட்டால் ஓடாதீர்கள். இந்த முறை நின்று, கை கொடுத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
லோயிஸ் ஞானசிங்