அரை மணி முன்னதாக

3 செப். 1991, செவ்வாய்
காலையிலிருந்து மூட்டம். ஒரகடத்தில் மழையாம், இங்கே இல்லை. சோப்பு வாங்கணும். பத்தாவது கணக்கு மறுபரீட்சை நெருங்குகிறது. போன தடவை 31, நாலு மார்க்கில் போச்சு. பாஸானால்தான் நர்ஸ் டிரெயினிங்.

இன்று தூரம், வேகம், நேரம். ஏழாவது கணக்கு: “ஒரு வண்டி மணிக்கு 10 கி.மீ. கூடுதல் வேகத்தில் போயிருந்தால் அரை மணி முன்னதாகச் சேர்ந்திருக்கும்...”

அதற்கு மேல் ஓடவில்லை. அப்பாவைப் பாம்பு கடித்த அன்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதும் இதுதான். “அரை மணி முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்.”

4 செப்., புதன்
வெயில். அண்ணன் இன்றும் டிராக்டரை எடுக்கவில்லை. அப்பாவை அதில்தான் ஏற்றிப் போனான். காரியம் முடிந்தும் சாவி ஆணியிலேயே.

அம்மா: “வல்லத்துல உழவுக்குக் கூப்புட்டுகினே கீறாங்க. போடா.”
அண்ணன்: “குலுங்குது, மெதுவா போடான்னாரு அப்பா. கேட்டுட்டேன்மா. மெதுவா போயே கொன்னுட்டேன்.”

சோறு அப்படியே இருந்தது. அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

5 செப்., வியாழன்
தூறல். அரிசி ஊறப் போட மறந்து திட்டு. புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் கணக்கைப் போட்டேன்.

தூரம் 24 கி.மீ. ஆன நேரம் 1 மணி. வேகம் 24.
அரை மணி முன்னதாகச் சேர: 48.
டிரெய்லர் மாட்டிய நம்ம வண்டி முப்பதைத் தாண்டாது. முப்பதில் போயிருந்தாலும் 12 நிமிஷம்தான் மிச்சம்.

திரும்பத் திரும்பப் போட்டேன். அதே விடை. அண்ணன் மேல் தப்பே இல்லை! சந்தோஷத்தில் அழுதேன். நாளை அவனிடம் காட்டணும்.

6 செப்., வெள்ளி
காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.
“அப்போ அந்த அரை மணி எங்க போச்சு செல்வி?”

யோசிக்கவே இல்லை நான். புத்தகத்தில் வண்டி கிளம்பிய பிறகுதான் கணக்கு. அன்றைக்கு அம்மாதான் “மந்திரிக்காம வண்டி ஏத்தக் கூடாது” என்று பிடிவாதமாக மந்திரிப்பவரை வரவழைத்தாள். அவர் வந்து வேப்பிலை அடித்து முடிக்கும்வரை டிராக்டர் வாசலில் உறுமிக்கொண்டே நின்றது.

அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

அண்ணன் சத்தமாக: “கணக்கு தப்பு. நம்ம வண்டி அம்பதுல போவும். நான்தான் மெதுவா ஓட்னேன்.”

சாவியை எடுத்துக்கொண்டு வல்லத்துக்குக் கிளம்பிவிட்டான். அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள்.

“நீ போட்டது சரியாடி?”

தப்பும்மா என்றேன்.