நீ திருப்பி அனுப்பிய அப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம், உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது. அந்த எல்லாரிலும் உன் அப்பாவைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை, முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல். நல்ல ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, அயல்நாட்டுக் கடற்கரையில் அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று நீ விமானம் ஏறி எட்டு மாதம் ஆகிறது. பெரிய அத்தை கேட்கும்போதெல்லாம் கடல் சம்பந்தமான உத்தியோகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கப்பல் கம்பெனி என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. உன்னிடம் நல்லபடியாகப் பேசிக் கூட்டி வரச் சொல்லித்தான் உன் அப்பாவை மூன்று வாரம் அங்கே அனுப்பினேன், எனக்கு லீவு கிடைத்திருந்தால் நானே வந்து கையோடு இழுத்து வந்திருப்பேன். உன்னிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மூன்று பக்கத்துக்கு எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தும் அனுப்பினேன். அந்தக் காகிதம் சட்டையோடு கடலில் குளித்து, காய்ந்து, எழுத்தெல்லாம் கரைந்து வெள்ளையாகத் திரும்பி வந்தது. ஒரு கேள்விகூடவா கேட்கவில்லை என்றேன். "கேட்டேனே, இன்னிக்கு அலை எப்படி இருக்குன்னு தினமும் கேட்டேன்" என்கிறார்.

இந்த மனிதர் யார் என்று உனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடமாக லிஃப்ட் ஆய்வாளர். கம்பியைப் பார், பிரேக்கைப் பார், எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா பார், அப்புறம்தான் கையெழுத்து. வீட்டிலும் அதே கதைதான். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார், கேஸ் வால்வை நான் மூடியதை அவர் ஒருமுறை மூடுவார், அவர் மூடியதை நான் ஒருமுறை மூடுவேன். நானும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒவ்வொரு குழாயிலும் ஒட்டிய பெயரை மும்முறை படித்துப் பார்க்கிறவள்தானே, இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்தவர்கள் வேறு எதையும் பார்த்திருக்கத் தேவையில்லை. உன் கடற்கரையிலும் முதல் நாள் இந்தப் பலகை எத்தனை கிலோ தாங்கும், சான்றிதழ் எங்கே என்று கேட்டாராமே. கால் வழுக்காமல் இருக்க மேலே மட்டும் மெழுகு தேய்க்கச் சொன்னால், பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று அடியிலும் அழுத்தித் தேய்த்து, பலகை நகரமாட்டேன் என்று சண்டித்தனம் செய்ததை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். தன் தப்பைச் சொல்லி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

வந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் ஒரே பதில்தான். பஸ் போய்விட்டதா, "போனா போகுது, அடுத்தது வரும்" என்று பெஞ்சில் சாய்ந்துவிடுகிறார். முன்பெல்லாம் அந்த பஸ்ஸின் பின்னாலேயே ஓடி டிரைவரின் பெயரைக் குறித்துக்கொள்வார். மழைக்கு ஜன்னல் திறந்து கிடக்கிறதே என்றால் "தண்ணிதானே" என்கிறார். தினமும் காலை ஆறு மணிக்குக் கூடத்தில் பாயை விரித்துக் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் துடுப்புப் போட்டு, ஒரே துள்ளலில் எழுந்து நிற்கிறார். கீழ்வீட்டுத் தையல்காரர், தலைக்கு மேலே தினமும் மூட்டை விழுகிறது, அளவெடுத்த துணியெல்லாம் கோணலாகிறது என்று சண்டைக்கு வந்தார். உட்கார வைத்துக் காபி கொடுத்து உன் அப்பா என்ன சொன்னாரோ தெரியாது, மறுநாளிலிருந்து மேலே ஒரு மூட்டை, கீழே ஒரு மூட்டை.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே தள்ளியிருப்பேன். விஷயம் அதுவல்ல. இந்த மாதக் கடைசியோடு அவர் ஓய்வு பெறுகிறார். வேண்டுமானால் இரண்டு வருடம் பணி நீட்டிப்பு தருகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் படிவம் வர வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள். படிவத்தை நானே நிரப்பினேன், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆசை தீரச் சண்டை போட்டிருக்கலாம். அவரோ "பாத்துக்கலாம்" என்று சொல்லி அதன் மேலேயே காபி டம்ளரை வைத்தார். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ வேலையை விட்டாய், அவரும் விடப்போகிறார், அப்பாவும் மகளும் ஜாலியாக மிதந்தால் இந்த வீட்டின் கவலையெல்லாம் யார் தலையில் என்று யோசித்தேன். இத்தனை நாள் பாதிப் பாதியாகப் பட்டதை இனி நான் ஒருத்தி முழுசாகப் பட வேண்டும். நீ அனுப்பிய படத்தில் உன் தலைக்கு மேல் நிற்கிற அந்த அலையை நீங்கள் இரண்டு பேரும் அழகு என்கிறீர்கள், நான் மட்டும் அதைத் தூக்கத்திலும் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் அது நடந்தது. பரிசோதனைக் கூடத்து லிஃப்டில் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனேன். நான் ஒருத்திதான், கையில் குழாய்கள் அடுக்கிய தட்டு. லிஃப்ட் ஆய்வாளரின் மனைவிக்கு அது விழாது என்று தெரியாதா, நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன, மூச்சு மட்டும் பாதியிலேயே நின்றது. அவருக்குப் போன் செய்தேன். மெக்கானிக் வருவதற்குள் அவர் வந்து நாலாவது மாடியில் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பழைய ஆளாக இருந்தால் உள்ளே ஒட்டியிருக்கிற தகட்டில் என்ன எண் என்று முதலில் கேட்டிருப்பார். "பயமா இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "எனக்கு இருந்துச்சு" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார், உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த கதையை. இரண்டாம் நாள் ஓர் அலை அவரைக் கவிழ்த்து அடியில் போட்டு உருட்டியதாம். மேலே எது கீழே எது என்று தெரியவில்லையாம், வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று அப்போதும் ஒரு நினைப்பு ஓடியதாம். கையைக் காலை அடித்துக்கொள்ளக் கொள்ள மூச்சுத்தான் தீர்ந்தது. அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வந்ததாம், "அடிச்சுக்காதீங்கப்பா, தலையைக் கையால மூடிக்கிட்டு சும்மா இருங்க, அதுவே விட்டுடும்" என்று. சும்மா இருந்தார், அது விட்டுவிட்டது. மேலே வந்து வாயைத் திறந்து சிரித்தாராம், எதற்கு என்று அவருக்கே தெரியவில்லையாம். "சொன்னா என்னை எங்கேயும் விடமாட்டே, அதான் சொல்லல. நீயும் இப்போ சும்மா உக்காரு" என்றார். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். நானும் சும்மா இருந்து எத்தனை வருடம் ஆயிற்றோ, பத்து நிமிடத்தில் கொட்டாவியே வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து லிஃப்ட் மேலே ஏறிக் கதவு திறந்தது. அவருக்கு ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் என் செருப்பு, அதுவும் பாதிதான் நுழைந்திருக்கிறது. வீட்டைப் பூட்டினீர்களா என்றேன். விழித்தார். அத்தனை நிதானமாகப் பேசிய மனிதர் வீட்டை மலரத் திறந்து போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது, மெக்கானிக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நான் சொன்னேன், நீட்டிப்பு வேண்டாம், போதும், ஆனால் ஒரு நிபந்தனை, மூன்று வாரம் லீவு போட்டு நான் அங்கே போகிறேன், தனியாக, நீங்கள் வீட்டில் இருங்கள் என்று. தாராளமாப் போய்ட்டு வா என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை படிவத்தைக் கையெழுத்தில்லாமலே திருப்பிக் கொடுத்தார். டிக்கெட் எடுத்த மறுநாளே நீ திருப்பி அனுப்பிய ஆளைக் காணோம். எனக்கு என்ன வயது, அங்கே டாக்டர் எவ்வளவு தூரம், அந்தத் தண்ணீரில் ஜெல்லி மீன் உண்டா என்று மூன்று வாரம் அங்கே இருந்தவரே என்னிடம் கேட்கிறார். நேற்று உனக்கு நாலு முறை போன் வந்ததே, அதில் எனக்குச் சம்பந்தமில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, உப்புத் தண்ணீரோடு தலையைக் காயவிடாதே, வேலைக்குத் திரும்புவது பற்றி நான் அங்கே வந்து கேட்கமாட்டேன், கேட்டால் என்னைத் தண்ணீரில் தள்ளிவிடு. என் எடைக்குத் தகுந்த பலகையாகப் பார்த்து வை, எடையை உன் மாணவர்களிடம் சொல்லாதே. அலை முழங்கால் அளவுதான் வரும் என்று அப்பாவிடம் சொல்லிவிடு, பாவம். இன்று காலை குளியலறையில் வாளித் தண்ணீருக்குள் முகத்தை அமுக்கி மூச்சடக்கிப் பழகினேன். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று தட்டிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து மூச்சு விட்டுக்கொண்டேன். எனக்காக ஒருவர் இப்படித் தட்டுவதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது, அதனால் இன்னும் கொஞ்ச நேரம் பதில் சொல்லாமலே இருந்தேன்.

தண்ணீரிலும் தரையிலும் உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். விமான நிலையத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்து நில்.

பதினான்காம் தேதி வந்து இறங்கும்
உன் அம்மா