கழுவாத பை

மாசி, வெள்ளி

பாண்டி அண்ணன் தேவாரத்திலிருந்து லேபுக்கு வந்தார். திராட்சையில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு பை, எனக்குத் தின்ன ஒரு பை. டெஸ்டுக்கான பழம் பளபளவென்று இருந்தது.

"கழுவினீங்களாண்ணே?"

"உப்புத்தண்ணியில நல்லா அலசிட்டேன். ஆபீசுக்கு அழுக்கோடயா கொண்டாருவாக?"

கழுவினால் மெஷின் குறைத்துத்தான் காட்டும். அதை நம்பித் திங்கட்கிழமையே சந்தைக்கு அனுப்பிவிடுவார். கொடியிலிருந்து வெட்டியபடி வேண்டும் என்றேன்.

"அப்ப ஒனக்குத் தின்னக் குடுத்த அந்தப் பைய எடுத்துக்க. நம்ம தங்கச்சிதானேன்னு கழுவாம கொண்டாந்துட்டேன்."

அதைத்தான் டெஸ்டுக்கு எடுத்தேன். ரிசல்ட் நாளைக்குத்தான். எனக்கு இப்போதே தெரிய வேண்டும்போல் இருக்கிறது. இந்தப் பேச்சுக்கு முன்பே, அவர் வந்து நீட்டியதுமே, அந்தப் பையிலிருந்து ஒரு கைப்பிடி தின்றுவிட்டேன்.