விலகியது நாங்கள்தான், மதினி

மதினி,

நேற்றுச் சாயந்தரம் என் மகள் பரீட்சைக்குச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ‘புல் அவுட்’ என்ற ஒரே இங்கிலீஷ் சொல்லுக்கு எத்தனையோ அர்த்தமாம். பல்லைப் பிடுங்குவது, ரயில் கிளம்பிப் போவது, ராணுவம் திரும்பிப் போவது, ஆபத்திலிருந்து ஆளை வெளியே இழுப்பது. கடைசியாக, ‘ஒத்துக்கொண்ட காரியத்திலிருந்து விலகிக்கொள்வது’ என்று வாசித்தவள் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

ஆளை வெளியே இழுப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டி, நாமாக வைத்துக்கொண்ட உறவுதானே இந்த மதினி முறை. பக்கத்து ரூமில் தீப்பிடித்த அன்று, பாதி ஒட்டிய பெட்டியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள்தான் என் முந்தானையைப் பிடித்து வேலி வரைக்கும் இழுத்துக்கொண்டு ஓடினீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டே, "பெட்டியக் கீள போடுங்க மதினி, ஒங்க கல்யாணச் சீரா அது?" என்று கேட்டீர்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நோய் முற்றிப் படுத்துவிட்ட பிறகு என் மகளைக் கூப்பிட்டு, உங்கள் மகனுக்கென்று அவள் தலையில் பூ வைத்தீர்கள். நம் பக்கம் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. "இனி இவ ஏம் மருமக" என்றீர்கள். பூ வாங்கி வந்தவள் நான்தான். அவளுக்குச் சம்மதமா என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வருஷம் பேச்சை எடுத்ததும், "கூடவே வளந்துட்டோம்மா, கட்டிக்கிடணும்னு தோணல" என்றாள். நான் அவளைத் திட்டவில்லை. போய்ச் சேர்ந்துவிட்ட உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. உங்கள் மகன் இப்போது விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ரூமில் வேலை பார்க்கிறான். எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் என் பிள்ளை தாலியைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வாசலுக்கு ஓடவேண்டுமே என்று நினைத்தேன். நானும் அதே பட்டாசுக் கூலியில்தான் அவளைப் படிக்க வைக்கிறேன். வெட்கங்கெட்டவள், வேறென்ன சொல்ல.

அவனிடம் சொல்லப் போனேன். "சாப்பிட்டீகளா அத்தை?" என்றுதான் முதலில் கேட்டான். திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன்.

"நாந்தான் வேண்டாம்னுட்டேன்னு ஊருல சொல்லிக்கிடுங்க அத்தை. பூ வச்ச பிள்ள. நாளப்பின்ன அவளுக்கு வேற எடம் வரணும்ல" என்றான்.

அதெல்லாம் வேண்டாம்ப்பா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஊரில் கேட்டவர்களிடம் அவன் சொன்னபடியே சொன்னேன்.

இன்று மத்தியானம் கம்பெனியில் எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தோம். "பெத்த தாய் வச்ச பூவயே மதிக்காத பய. அவ இருந்திருந்தா வெளக்குமாத்தால அடிச்சிருப்பா" என்றாள் ஒருத்தி. எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இன்னொருத்தி, "மனச விட்றாதீக" என்று தன் முட்டையில் பாதியைப் பிட்டு என் சோற்றில் வைத்தாள்.

உங்கள் பிள்ளைக்காக ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தின்றேன், மதினி.